அம்மா ஊரை விட்டுக் கிளம்பிய காலை

பம்பாயில் இருக்கும் என் மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள், அம்மாவின் வருஷத் திதி முடிந்த கையோடு பங்குனியிலோ, இல்லையென்றால் வைகாசியிலோ மதுரையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆனால் இதை உரக்கப் படித்துக் காட்ட வீட்டில் உன் அம்மா இல்லையே என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. எந்தக் கண்ணீர் எதற்கு வந்தது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பாராவுக்கு வந்தேன். நான் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கும் பத்திரிகை வைக்கக் கூடாது, அவர்கள் யாரும் மண்டபத்தில் கால் வைக்கக் கூடாது, கல்யாணம் முடிந்ததும் கடையை மூடிவிட்டு நான் உன்னோடு வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறாய் என்றால், தாளைத் திருப்பினால் பின்பக்கம் எழுத்துப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. உன் கோபம் என்னிடமிருந்து வந்தது. உன் அம்மாவுக்குக் கோபம் வந்தால் ஒரு வேளை பேச மாட்டாள், அதோடு சரி.

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. சோம்பலால் அல்ல. உனக்கு ஒரு விஷயம் தெரியாது. அதை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று இந்த ஊரில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அந்த வாக்கை மீறப் போகிறேன். நீ பொறுமையாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

உனக்கு இது 'அந்த ஊர்'. கல்யாணமான புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. மதுரையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டுக்குள் நம் பாஷை, வீதியில் தமிழ். அண்ணன் தம்பிகளுக்கு இடையில் ஒரு தறி எத்தனை பேருக்குச் சோறு போடும்? அதனால் சுங்குடிச் சேலையும் கைலியும் மூட்டை கட்டி, சைக்கிளில் வைத்துக்கொண்டு சோழவந்தானைத் தாண்டி ஊர் ஊராகப் போய் விற்றேன். இந்த ஊரில்தான் வெயிலுக்கு ஒதுங்கியவனை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். மோர் கொடுத்தவர் கருப்பையா, உன் மாமா. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். "சைக்கிள்ல எம்புட்டு நாளைக்கு அலைவீக? எங்க வீட்டு முன்னறை சும்மாதான் கெடக்கு, கடையப் போடுங்க" என்றார். அப்படித்தான் கடை வந்தது. உன் அம்மாவை அழைத்து வந்தபோது அவள் பஸ் திரும்பிப் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் சொந்தக்காரர்கள் அவளிடம் காட்டுக்குள் குடியிருக்கப் போகிறாயா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

வந்த அன்றே அடுப்பு மூட்டவிடவில்லை. புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் சோறு கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். கருப்பையாவின் மனைவி பேச்சியம்மா மணக்க மணக்கக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். கவுச்சி வாடையே தெரியாத உன் அம்மா என்னைப் பார்க்கிறாள், குழம்பைப் பார்க்கிறாள், அவளைப் பார்க்கிறாள். கடைசியில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பேச்சிக்குக் காரணம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். மறுநாள் சோழவந்தான் சந்தையில் புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்தாள். "இதுல கவுச்சி படாது மதினி. இது உங்களுக்குன்னே ஒதுக்குன சட்டி" என்றாள். அன்றிலிருந்து நம் வீட்டில் காய்ச்சல் என்றாலும் விசேஷம் என்றாலும் அந்தச் சட்டியில்தான் அவள் நமக்கு ஆக்குவாள். அவள் என்னை அண்ணே என்றாள், அவர் என்னை மாப்ள என்றார். அதனால் நீ பேசப் பழகும்போதே அவளை அத்தை என்றும் அவரை மாமா என்றும் கூப்பிட்டாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உன் அம்மா சீக்கிரமே மாறிப்போனாள். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, "இம்புட்டு சாப்பாடு எனக்கு எதுக்கு?" என்று ஊர்த் தமிழில் சொல்லிவிட்டாள். பந்தி முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், "நம்ம ஊருக்குப் போனாத்தான் எனக்கு மூச்சே விட முடியுது" என்றாள். நம்ம ஊர் என்று அவள் இதைச் சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே வண்டி கட்டிக்கொண்டு போன வருஷம் நீ சின்னப் பையன். கூட்டத்தில் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர் உன் மாமா. நான் எங்கேயோ நசுங்கிக்கொண்டு கிடந்தேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ வெறுக்கிற மனிதர்கள் யார் என்று உனக்கு நினைவிருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் நாம் வெளியாட்களாகவே இருந்தோம். பங்குனிப் பொங்கலில். திருவிழாவை அறிவித்துச் சாமி சாட்டி, காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் யாரும் இரவு வெளியூரில் தங்கக் கூடாது. வேலைக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. ஊருக்குள் சாவு விழுந்துவிட்டால் தீட்டு, அந்த வருஷத் திருவிழா நின்றுவிடும். நமக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நாம் வேறு ஆட்கள், நம்மை யாரும் கேட்பதில்லை. அது உன் அம்மாவுக்கு உள்ளூர வருத்தம். பெண்கள் முளைப்பாரி தூக்கிக்கொண்டு வரும்போது இவள் வாசலில் நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். போன வருஷம் பேச்சி வந்து, "மதினி, இந்த வருசம் நீங்களும் ஒரு முளைப்பாரி போடுறீக. ஊருல பேசியாச்சு" என்றாள். அப்போது உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி முற்றிப்போய், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டிருந்தார்கள். அது உனக்கும் தெரியும். கண்ணை மூடினால் இந்த வீட்டில்தான் மூட வேண்டும் என்பது அவள் ஆசை என்பதும் உனக்குத் தெரியும். எழுந்து நிற்கத் தெம்பில்லாதவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் கையால் பயறைத் தூவினாள். பேச்சி தினமும் அதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று விரலால் அளந்து காட்டுவாள்.

மழை பொய்த்து, பங்காளிச் சண்டையும் சேர்ந்து, பல வருஷமாக நடக்காத திருவிழா அது. காப்புக் கட்டியாயிற்று. கருப்பையா வாடல் நோய் விழுந்த கொடிக்காலுக்காகத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டியிருந்தார். அடுத்த சில நாளில் உன் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒரு மத்தியானம், பெண்கள் கும்மி பழகுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலையில என்னைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"எதுக்கு? ஆஸ்பத்திரியிலதான் சொல்லிட்டாங்களே."

"ஆஸ்பத்திரிக்கு இல்ல. உங்க அண்ணன் வீட்டுக்கு. நான் இங்க போயிட்டேன்னா எல்லாம் நின்னு போயிரும். என்னாலயா நிக்கணும்?"

இங்கேயே இருக்க வேண்டும் என்று அழுதவள் அவள்தான். நான் மாட்டேன் என்றேன். கோபமாகவே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். யாரிடமும் காரணம் சொல்லக் கூடாது, திருவிழா முடிகிற வரை எது நடந்தாலும் ஊருக்குச் சொல்லி அனுப்பக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். "சொன்னீங்கன்னா பேச்சி எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவா" என்றாள். இதுதான் நடந்தது. ஊர் அவளை வெளியேற்றவில்லை. அவளாகக் கிளம்பினாள்.

மறுநாள் காலை பஸ் நிற்கும் இடம் வரை போகக் கருப்பையாதான் வண்டி கட்டினார். மதுரையில் நல்ல டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார் என்று அவள் சொன்ன பொய்யை எல்லோரும் நம்பினார்கள். பேச்சி மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "திருவிழாவுக்குள்ள வந்துருவீகளா மதினி? முளைப்பாரிய யாரு தூக்குறது?" என்று கேட்டாள். "வராம எங்க போகப் போறேன்? அதுவரைக்கும் நீ தண்ணி தெளி" என்றாள் உன் அம்மா. பஸ்ஸில் கொடிக்கால் தெரிகிற பக்கமாக உட்கார வைக்கச் சொன்னாள். வாய்க்கால் பாலம் தாண்டுகிற வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மதுரை வருகிற வரை திறக்கவே இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். தோளில் சட்டை நனைந்திருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன்.

பெரியப்பா வீட்டில் சில நாள் இருந்தாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கடைசி நாளில் அவள் நம் பாஷையில் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாம் ஊர்த் தமிழ்தான். யாரோ வாசலில் நிற்பதுபோல, "உள்ள வா பேச்சி" என்றாள். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நான் ஊருக்குச் சொல்லி அனுப்பவில்லை. உனக்கு மட்டும் தந்தி கொடுத்தேன். நீ ரயிலில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊர்க்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று நீ கேட்டாய். பெரியம்மா தான் நினைத்ததைச் சொன்னாள், திருவிழாவுக்குத் தீட்டாகிவிடும் என்று சாகக் கிடந்தவளைத் துரத்திவிட்டார்கள் என்று. நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். திருவிழா முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் நான் பெரியப்பாவோடு காரியத்துக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, "அவங்க வந்தாங்க. வாசலோட போகச் சொல்லிட்டேன்" என்று நீ சொன்னாய். யார் யார், எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. காப்புக் கட்டிய ஊரிலிருந்து சாவு வீட்டுக்கு எப்படி வந்தார்கள் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மூளை மரத்துப்போயிருந்தது. பதினாறாம் நாள் முடிந்து, உன்னை ரயிலேற்றிவிட்டு நான் மட்டும் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

இறங்கியதும் கோவில் பக்கம் பார்த்தேன். பந்தல் பாதி கட்டியபடியே நின்றது. வேப்பிலைத் தோரணம் பொங்கல் வைக்காமலே காய்ந்துபோயிருந்தது. கருப்பையா கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மணிக்கட்டில் காப்பு இல்லை.

"திருவிழா என்னாச்சு?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்ல சாவு விழுந்துருக்கு. என்ன திருவிழா மாப்ள?"

"ஊருக்கு வெளியிலதானே..."

"தங்கச்சி எங்க போயி உசுர விட்டா என்ன? அது நம்ம ஊருச் சாவுதான்" என்றார். பிறகு, "இதுக்குப் பயந்துக்கிட்டு அந்தப் புள்ளைய வெளியூருக்குத் தூக்கிட்டுப் போனீகளே மாப்ள. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?" என்றார். அந்த மனிதர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதுரை சிம்மக்கல்லில் வெற்றிலைக் கட்டு இறக்கப் போன ஊர்க்காரன் ஒருவன் விஷயம் கேள்விப்பட்டு வந்து சொல்லியிருக்கிறான். பெரிய கூட்டம் கூட்டிப் பேசியெல்லாம் முடிவெடுக்கவில்லை. கருப்பையா நேராகக் கோவிலுக்குப் போய்க் காப்பை அறுத்துவிட்டார், மற்றவர்களும் அறுத்துவிட்டார்கள். பெண்கள் முளைப்பாரிகளைக் குலவை போடாமல் வாய்க்காலில் கரைத்தார்கள். உன் அம்மாவுடையதைப் பேச்சி தூக்கிப்போய்க் கரைத்தாள். பிறகு வெற்றிலை ஏற்றுகிற லாரியில் ஏறி மதுரைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களைத்தான் நீ வாசலில் மறித்தாய். பெண்கள் தெருமுனையிலிருந்து ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தபோது, "இந்த நடிப்பெல்லாம் இங்க வேண்டாம். உயிரோட இருந்தவள விரட்டிட்டு இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாயாம். பேச்சி இடுப்பில் ஒரு சட்டி வைத்திருந்தாள் அல்லவா? சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பிள்ளை பட்டினி கிடக்கும் என்று நமக்கென்றே ஒதுக்கிய அந்தச் சட்டியில் சோறாக்கிக் கொண்டுவந்திருந்தாள். நீ அதையும் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாய். அவர்கள் ஒன்றும் பேசாமல் லாரியில் ஏறித் திரும்பிவிட்டார்கள்.

எனக்கு உன்மேல் கோபமில்லை. அன்று நீ தாயைக் கடைசியாக ஒரு முறை பார்க்கக் கிடைக்காத பிள்ளை. ஆனால் பேச்சியிடம் கேட்டேன். திருவிழாவையே நிறுத்திவிட்டு வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வாயடைத்துப் போயிருப்பானே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பெத்தவளப் பறிகுடுத்துட்டு நிக்குது பிள்ள. அதுகிட்டப் போயி நாங்க எதெத விட்டுக்குடுத்தோம்னு கணக்கா சொல்லுவாக? நல்லாருக்கேண்ணே நீங்க பேசுறது" என்றாள். அப்புறம்தான் இருவருமாக என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். தெரிந்தால் தம்பி மனசு ஒடிந்துபோகும், சொல்ல வேண்டாம் என்றார்கள். நானும் சரி என்றேன். காலப்போக்கில் உன் கோபம் ஆறிவிடும் என்று நம்பினேன். உன் கடைசிப் பாராவைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

இது உனக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கிறது. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் தன் வீட்டில், பேச்சி பக்கத்தில் இருக்க, கொடிக்கால் காற்றில் கண்ணை மூடியிருப்பாள். நாம் இத்தனை வருஷம் இருந்தும் இவர்களை முழுக்க நம்பவில்லை, தம்பி. அன்பு வைத்தோம், ஆனால் அவர்கள் நமக்காக எதை விடுவார்கள் என்று தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டோம். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமாவது அப்படி இருந்துவிடாதே. அவளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று நீயாக ஒன்றை முடிவு செய்துகொண்டு விலகிப் போகாதே. வாய் திறந்து கேள். கடையை மூடிவிட்டு வரச் சொல்கிறாய். உன் வீட்டுக்கு வருவேன், பேரன் பேத்தி பிறந்தால் கட்டாயம் வருவேன். ஆனால் தங்குவதற்கு வர மாட்டேன். எனக்கு ஒன்று ஆனால் இங்கேயே ஆகட்டும். காப்புக் கட்டியிருந்தாலும் சரி, இந்த முறை நான் எங்கும் கிளம்புவதாக இல்லை.

பத்திரிகை விஷயம் உன் விருப்பம். வற்புறுத்த மாட்டேன். வருவதாக இருந்தால் நீயே நேரில் வந்து வெற்றிலை பாக்கோடு வை. மன்னிப்பு கேட்கிறேன் என்று ஆரம்பிக்காதே, அவர்கள் கூச்சப்பட்டு ஓடிவிடுவார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் கருப்பையாவும் இன்னும் இரண்டு மூன்று பெரியவர்களும் கடைக்கு வந்தார்கள். உனக்குப் பெண் பேசுவதையும், கூடிவந்தால் பங்குனியிலோ வைகாசியிலோ கல்யாணம் என்பதையும் உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லியிருந்தேன். இந்த வருஷம் சாமி சாட்டியே ஆக வேண்டும் என்கிறார்கள். ஆனால் நாள் குறிக்காமல் நிற்கிறார்கள். "தம்பி கல்யாணம் பங்குனியிலயா, வைகாசியிலயான்னு கேட்டுச் சொல்லுங்க மாப்ள. காப்புக் கட்டிட்டா ஒரு ராத்திரி வெளியூருல தங்க முடியாது. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் மொத நாளே வந்துர வேணாமா?" என்று கேட்டார். இன்று காலையும் கடை வாசலில் வந்து நின்று, கடுதாசி வந்ததா என்றார். உன் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கும் வருவார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?

அப்பா